ஹாலந்து தேசத்து இறைவைக் காற்றாலைகளும் அவற்றைச் செப்பனிட்டுக் காத்த முறையும்

ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கேயுள்ள படுகை அணையிலிருந்து பிரியும் ராஜ வாய்க்கால், அல்லாள இளைய நாயகரால் வெட்டப்பட்டதென்று வழங்கி வருகிறது. அதன் ஜலம் நிலச்சரிவை அநுசரித்துத் தானே வயல்களுக்குப் பாய்கிறது. வாய்க்கால் மட்டத்திற்கு மேற்பட்ட பூமிகளுக்கோ, முற்காலத்தில் காளைகளைப் பூட்டிக் கவலையாலும், ஆட்களைக் கொண்டு ஏற்றத்தாலும் கிணற்று ஜலம் இறைக்கப்பட்டது. மாட்டிற்கும் ஆளுக்கும் பதிலாகக் காற்றையே இறைவைக்குப் பூட்டியவர் ஹாலந்து தேசத்துக் குடியானவர்கள். அவர்கள் அச்சாதனத்தைக் காத்த விதம் நம் பாசனதாரர்களும் அறியத்தக்கது.

அந்நாட்டில் பல வயல்கள் நதி மட்டத்திற்கும் கடல் மட்டத்திற்கும் தாழ்ந்தவை. ஆகவே ஜலத்தைக் கொண்டுவருவதைவிட, மிகுந்த ஜலத்தை வெளியேற்றுவதே அங்குப் பெருங் கவலை. கிண்டர்டைக் என்னும் ஊரில் இதன் பொருட்டு 1738-லும் 1740-லும் கட்டப்பட்ட ஆலைகள் உள்பட 19 காற்றாலைகள் இன்றும் நிற்கின்றன. மரச்சட்டத்தில் துணி விரித்த நான்கு இறக்கைகள் காற்றில் சுழல, பற்சக்கரங்களும் நெடுந்தண்டும் அவ்விசையைக் கீழே கொண்டுசென்று, பலகைகள் பொருத்திய பெருஞ் சக்கரத்தைத் திருப்பும். அது தாழ்ந்த வாய்க்கால் ஜலத்தை மேல் தேக்கத்தில் ஏற்றும். நதி வடிந்த சமயத்தில் மதகைத் திறந்து அதனை வெளியே விடுவர். காற்று திசை மாறினால், ஆலைக்காரர் இறக்கைகளைத் தாங்கும் உச்சிக் கூண்டையே திருப்பி வைப்பார். அவர் குடும்பத்தோடு ஆலையிலேயே வசிப்பது வழக்கம். பராமரிப்புச் செலவை நிலச் சொந்தக்காரர்களின் வரியைக் கொண்டு நீர்வாரியங்கள் ஏற்றன.

1868-இல் அங்கு நீராவி யந்திரம் வந்தது. பின்னர் எண்ணெய் யந்திரமும் மின்சாரமும் வந்தன. தேசமெங்கும் ஆயிரக்கணக்கான ஆலைகள் அழிந்தன. எனினும் இரண்டாம் உலக யுத்தத்தில் எரிபொருள் அரிதானபோது, கிண்டர்டைக்கின் பழைய ஆலைகளே மீண்டும் ஜலம் இறைத்தன.

ஆலைகளைக் காப்பதற்கென 1923-இல் ஒரு சங்கம் ஏற்பட்டது. உளுத்த மரத்தையும் நைந்த கூரையையும் மாற்றுவது மட்டும் போதாதென்பது நாளடைவில் தெளிவாயிற்று. ஓடாத ஆலையில் அச்சு இறுகும், மரம் கெடும், ஓட்டும் வித்தையும் மறையும். ஆகவே தொண்டர்களுக்கு ஆலையோட்டும் பயிற்சியளிக்க 1972-இல் ஓர் அமைப்புத் தோன்றியது. கிண்டர்டைக் ஆலைகள் 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. 2017-இல் ஆலையோட்டும் வித்தையும் அந்த ஸ்தாபனத்தாரின் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பழைய நீர்ச்சாதனத்தைக் கட்டிடமாக மட்டும் காத்தல் இயலாது. அதனை இயக்கி வருவதே சிறந்த பராமரிப்பு. ராஜ வாய்க்காலுக்கும் இது பொருந்தும். ஜலம் திறக்குமுன் வண்டலும் பூண்டும் அகற்றப்படல் வேண்டும். மதகின் திருகுகளுக்கு எண்ணெயிட்டு ஏற்றியிறக்கிப் பார்த்தல் வேண்டும். முதியோர் அறிந்த பங்கீட்டு முறையையும் மடை கட்டும் பழக்கத்தையும் இளைஞர்கள் உடனிருந்து கற்றல் வேண்டும். பாசனதாரர்களும் கிராம அதிகாரிகளும் கூடி ஆண்டுதோறும் இவற்றைச் செய்துவரின், பெருஞ்செலவில் செப்பனிட வேண்டிய நிலை எளிதில் நேராது.