செவுளைத் தூக்கினால் தெரியாதது

மீன்பிடித் தடைக்காலத்தில் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் மீன் பக்கம் போனால் வாடையே வேறாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு நகர்கிறவர்களே அதிகம். சின்னப் படகுகள் கொண்டுவரும் நெத்திலி காலையிலேயே தீர்ந்துவிடும். மிச்ச இடத்தை ஐஸ் பெட்டியில் வந்த கட்லாவும் ரோகுவும் நிரப்பும்.

நான் வழக்கமாக வாங்கும் அக்கா ஒரு ரோகுவை எடுத்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கிக் காட்டினார். ரத்தச் சிவப்பு. வயிற்றை அழுத்தினார், குழி விழவில்லை. “வளர்ப்பு மீனு தம்பி. கடல் மீனுன்னு சொல்லி உன்ன ஏமாத்த மாட்டேன்” என்றார்.

“மரபணுவ மாத்தி, சீக்கிரம் வளர்ற மாதிரி செஞ்ச மீனு வந்தா விப்பீங்களாக்கா?”

“வந்தா எங்கிட்ட யாரு சொல்லப்போறா? ஏலத்துல கூடைய எறக்குவான், எடுத்தாந்து விப்பேன். நாளைக்கு ஒண்ணுன்னா நீ என்னத்தான வந்து கேப்ப?”

மரபணு மாற்ற மீன் பற்றிய விவாதத்தில் இதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டதில்லை.

உலகில் முதன்முதலாக உணவுக்கு அனுமதி பெற்ற மரபணு மாற்ற விலங்கு ஒரு மீன்தான். அட்லாண்டிக் சால்மனுக்குள் சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை வைத்தார்கள். உறைகடலில் வாழும் வேறொரு மீனின் மரபணுத் துண்டு அதை ஆண்டு முழுவதும் இயக்கும். மூன்று வருடத்தில் விற்பனைக்கு வரும் மீன் பதினெட்டு மாதத்துக்குள் வந்துவிடும். அமெரிக்கா 2015-லும் கனடா 2016-லும் அனுமதித்தன. 2017-ல் கனடாவில் நாலரை டன் விற்றுவிட்டதாக அக்வாபவுண்டி நிறுவனம் அறிவித்தது. தனி லேபிள் அங்கே கட்டாயம் இல்லை. வாங்கியவர்களுக்குத் தாங்கள் எதைச் சமைத்தோம் என்று தெரியாது. அந்த நிறுவனம் 2024 டிசம்பரில் பணம் போதாமல் மீன் வளர்ப்பையே நிறுத்தியது.

இது வெளிநாட்டுச் சங்கதி மட்டும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி.ஜே. பாண்டியனின் குழு இதே ரோகுவில் இதைச் செய்து காட்டியது. ரோகுவின் சொந்த வளர்ச்சி ஹார்மோன் மரபணுவையே கூடுதலாக ரோகுவுக்குள் வைத்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வில் மாற்றிய மீன்கள் உடன்பிறந்த சாதாரண மீன்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாக வளர்ந்தன. சாப்பிட்ட தீனியைச் சதையாக மாற்றுவதிலும் முந்தின. நம் ஊர் ஆய்வகத்தில், நம் ஊர்க் குழம்பில் போடுகிற மீனில் நடந்த சாதனை அது. அதை நான் மதிக்கிறேன். அந்த மீன் சந்தைக்கு வரவில்லை.

மார்க்கெட்டில் வளர்ப்பு மீனைக் கண்டாலே “ஊசி போட்டது” என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஊசி உண்மைதான். 1957-ல் விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி இந்திய மீன்களில் செய்து காட்டிய வழி அது: சினைப் பருவத்து மீனுக்குச் சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றினால் குளத்திலேயே முட்டையிடும். அதில் மரபணு மாறுவதில்லை. வனாமி இறாலும் நல்ல வளர்ச்சியைப் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்ததுதான். இவற்றையெல்லாம் ஒரே கூடையில் போட்டுப் பயந்தால், நிஜமாகவே கேள்வி கேட்க வேண்டிய நாளில் நம் பேச்சு எடுபடாது.

சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதைவிட, மீன் பண்ணையை விட்டுத் தப்பினால் என்ன ஆகும் என்பதே என் கவலை. ஜிலேபி மீன் 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாத ஏரியைத் தமிழ்நாட்டில் தேடவேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு மத்திய அரசு 2000-ல் தடை போட்டது. அதன் பிறகும் குளங்களில் வளர்ந்தது, விற்றது. அக்வாபவுண்டி தன் மீனை மலட்டுப் பெண் மீனாக்கி, நிலத்துத் தொட்டிக்குள் வளர்த்தது. அப்படியிருந்தும், தப்பினால் காட்டு சால்மனுக்கு என்ன ஆகும் என்று முழுதாக ஆராயவில்லை என 2020-ல் அமெரிக்க நீதிமன்றம் அனுமதி தந்த துறையைக் கண்டித்தது. நம் ஏரிக்கரையோ ஒரு மழையில் உடையும். புயலில் பண்ணைக்குட்டையும் வாய்க்காலும் ஒன்றாகிவிடுவதைப் பார்த்தவர்கள் நாம்.

சட்டம் இருக்கிறது. மரபணு மாற்ற உயிரினங்களுக்கான 1989 விதிகளின்படி மத்தியக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இப்படி ஒரு மீனை விட முடியாது. 2022-ல் சிலவகை மரபணுத் திருத்தத்துக்குத் தந்த விலக்கு பயிர்களுக்கு மட்டும்தான். உணவில் ஒரு விழுக்காடோ அதற்கு மேலோ மரபணு மாற்றப் பொருள் இருந்தால் லேபிளில் சொல்லவேண்டும் என்று 2021-ல் ஒரு வரைவும் வந்தது. பொட்டலத்தில் வரும் எண்ணெய்க்கும் பிஸ்கட்டுக்கும் அது சரி. இங்கே மீன் எதில் பொட்டலம் கட்டி வருகிறது? ஈரச் சாக்கிலும் அலுமினியக் கூடையிலும் வருகிறது. லேபிள் ஒட்ட அதற்கு உறையே கிடையாது.

அதனால் பதிவு குஞ்சுப் பொரிப்பகத்தில் தொடங்கவேண்டும். எந்தப் பண்ணை, எந்த இனம் என்கிற சீட்டு ஏலக் கூடையோடு வரவேண்டும், தமிழில். மரபணு மாற்றக் கத்தரிக்காய்க்கு 2010-ல் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊர் ஊராக மக்களைக் கூட்டிக் கேட்டார், பிறகே நிறுத்திவைத்தார். மீனுக்கும் அப்படி ஒரு கூட்டம் நடக்குமானால் வீராம்பட்டினத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் நடக்கட்டும். கூடை சுமக்கிற பெண்களுக்கு முன்வரிசை கொடுக்கட்டும்.

அக்கா ரோகுவைத் தராசில் போட்டார். ஒன்றேகால் கிலோ. எந்த ஊர்க் குளத்து மீன் என்று கேட்டேன். “ஆந்திராலேர்ந்து வண்டி வருது தம்பி, எந்தக் கொளம்னு வண்டிக்காரனுக்கே தெரியாது” என்று சொல்லிவிட்டு, செதில் தேய்க்கிறவரிடம் மீனைத் தள்ளினார்.