கர்ப்பகாலப் பிரஷரும் நச்சுக்கொடியும்

கர்ப்பிணிக்குப் பிரஷர் ஏறிவிட்டது என்றால் நம் வீடுகளில் முதலில் விசாரணைக்கு வருவது உப்பும் ஊறுகாயும்தான். அடுத்தது, "பிள்ளை கண்டபடி யோசிக்கிறா" என்ற தீர்ப்பு. இருபதாம் வாரத்துக்குப் பின் புதிதாக 140/90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போகத் தொடங்கும் பிரீஎக்லம்சியாவுக்கு இந்த இரண்டும் காரணமல்ல. அதன் வேர் நச்சுக்கொடியில் இருக்கிறது. (ஊரில் அதை 'நஞ்சு' என்றே சொல்வார்கள். பழைய மேல்நாட்டு வைத்தியர்களும் இதை இரத்தம் நஞ்சாகும் நோய் என்றுதான் அழைத்தார்கள்.)

நச்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுவரும் தாயின் நாடிகள் ஆரம்ப மாதங்களில் நன்றாக விரிய வேண்டும். விரியாவிட்டால் நச்சுக்கொடி இரத்தத்துக்குத் தவிக்கும். அப்போது அது வெளிவிடும் புரதங்கள் தாயின் இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்கும். அங்கே குருதிச் சிறுதட்டுகள் ஒட்டிச் செரோட்டோனினை வெளிவிடும். மனநிலையோடு சேர்த்து நாம் கேள்விப்பட்ட பெயர்தான். ஆனால் 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் அதைப் பிரித்தெடுத்தவர்கள் தேடியது இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருளை. அதைச் சிதைக்கும் மொனோஅமைன் ஒக்சிடேஸ்-ஏ என்ற நொதியம் நச்சுக்கொடியில் நிறைய உண்டு. பிரீஎக்லம்சியா வந்த தாய்மாரின் நச்சுக்கொடியில் அதன் வேலை குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். இது நோயின் காரணமா விளைவா என்ற விவாதம் தொடர்கிறது.

இதை வாசித்துவிட்டு வாழைப்பழத்தை ஒதுக்க வேண்டாம்! சாப்பாட்டில் உள்ள செரோட்டோனின் குடலிலும் ஈரலிலும் சிதைந்துவிடும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கும் தாய்மாரும் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

செரோட்டோனினைத் தடுக்கும் கெட்டான்செரின் என்ற மருந்தையும் கர்ப்பிணிகளில் பரீட்சித்தார்கள். பிரஷரைக் குறைப்பதில் அது பழைய மருந்தை வெல்லவில்லை. பிரஷர் முற்றி வலிப்பு வந்தால் என்ன செய்வது? சென்னை எழும்பூர் மகப்பேற்று மருத்துவமனையின் டாக்டர் கிருஷ்ண மேனன் 1961இல் எழுதிய மூன்று மருந்துக் கலவை முறை இந்தியாவில் நெடுங்காலம் கைகொடுத்தது. 1995இலும் 2002இலும் வந்த பெரிய ஆய்வுகளுக்குப் பின் அந்த இடம் மக்னீசியம் சல்பேற்றுக்குப் போனது. தடுப்பதற்கு, ஆபத்துக் கூடிய தாய்மாருக்கு முதல் மூன்று மாத முடிவிலிருந்து இரவில் 150 மி.கி. அஸ்பிரின் உதவுவதை 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவர் சொன்னால் மட்டுமே அதை எடுங்கள்.

ஜெர்மனியில் ஒவ்வொரு பரிசோதனையிலும் பிரஷரும் சிறுநீர்ப் புரதமும் முட்டர்பாஸில் பதியப்படும். அந்த நாளைத் தவறவிடாதீர்கள். விடாத தலையிடி, கண்ணில் மின்னல், வலப்பக்க மேல்வயிற்று நோ, திடீரென முகம் வீங்குவது ஆகியவற்றைப் பித்தம், வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துப் படுக்க வேண்டாம். கணவன்மாரே, மொழிபெயர்க்கும்போது "கொஞ்சம் தலையிடி" என்று குறைக்காதீர்கள். வீட்டு மெஷினில் 160/110 காட்டினால் காலையாகட்டும் என்று பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வால்டோர்ஃபில் உள்ளவர்களுக்கு ஹைடல்பெர்க் பல்கலைக்கழக மகளிர் மருத்துவமனை பக்கத்தில்தான். வலிப்பு வந்தால் 112.

பிள்ளை பிறந்த பிறகும் சில வாரங்களுக்கு இந்த ஆபத்து உண்டு. துடக்குக் கழியும்வரை தாய் வீட்டுக்குள் இருக்கும் காலமும் அதுதான். வீட்டுக்கு வரும் ஹெபாமெயிடம், பிள்ளையின் நிறையை மட்டுமல்ல, தாயின் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்நோய் ஒருமுறை வந்தவர்கள் குடும்ப மருத்துவரிடம் அதைச் சொல்லி, வருடாவருடம் பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் இருதய நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்குக் கூட.