இசைக்கலைஞரின் உருவப்படங்கள்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

இசை, ஒலித்த அளவிலேயே மறையும் கலை. ஒலிப்பதிவில் இடம்பெறாத கலைஞர்களை அறிய அவர்தம் பாடல்கள், மாணவர் மரபு, உருவங்கள் ஆகியனவே சான்றுகளாகும். இவற்றுள் உருவப்படத்தின் சான்று மதிப்பைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தோடு தொடர்புடைய செய்திகள் சிலவற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

படிம மரபு

ஒளிப்படம் தோன்றுவதற்கு முன்பே மாந்தர் உருவை நிலைபெறச் செய்யும் வழக்கம் இவ்வட்டாரத்தில் இருந்தது. திருமலைக் கோயிலில் கிருஷ்ணதேவராயரும் அவர்தம் தேவியர் திருமலாதேவி, சின்னாதேவி ஆகியோரும் கூப்பிய கையினராய் உலோகப் படிமங்களாக நிற்கின்றனர். படிமங்களில் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைச் செப்பேடுகள் வைக்கப்பட்டிருந்த அறையின் வாயிலில் உள்ள கல்லுருவங்கள் அவருடையதும் அவர் மகனுடையதும் எனக் கருதப்படுகின்றன. இவை இறைவன் திருமுன் நிற்கும் அடியாரைக் காட்டுவன. முகச்சாயலைக் காட்டுவது இவற்றின் முதன்மை நோக்கமன்று.

ஒளிப்படத்தின் வருகை

1839இல் உலகறிய வெளியான ஒளிப்படக்கலை விரைவிலேயே சென்னை மாகாணத்தை எட்டியது. 1856இல் சென்னையில் ஒளிப்படச் சங்கமும் தோன்றியது. 1868 முதல் 1875 வரை ஆங்கிலேய அரசு எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கில நூல், மக்களைச் சாதி, குலம் என்னும் வகைகளின் மாதிரிகளாகவே காட்டியது. கலைஞர்கள் தம் பெயரோடு படமெடுத்துக்கொண்டமை இதற்கு நேர்மாறானது. மாதிரியாக நின்றவர் தனியாளுமை ஆயினார்.

தொடக்ககால ஒளிப்படத்திற்கு அசையாது அமர்தல் இன்றியமையாதது. ஆதலின் அப்படங்களில் பாடகரின் வாய் மூடியிருக்கும். விரல்கள் நரம்பின்மேல் ஓய்ந்திருக்கும். அவை கருவியின் அமைப்புக்குச் சான்றாகும். வாசிப்பு முறைக்குச் சான்றாகா.

நாயனாப் பிள்ளை மரபு

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அவர் தாயின் உடன்பிறந்த தனகோடி அம்மாளின் குரல் இசைத்தட்டில் பதிவாயிற்று. லய நுட்பத்தில் ஒப்பாரற்றவர் எனப் போற்றப்பட்ட நாயனாப் பிள்ளையின் குரலோ நமக்குக் கிட்டவில்லை. அவரது ஒளிப்படம் நமக்கு முகத்தைத் தருகிறது. அவர் இசையைத் தருபவர்கள் மாணவர்களே. அவருள் ஒருவர் சித்தூர் மாவட்டம் புங்கனூரில் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975). 1954இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். இவருடைய பாட்டு ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது. ஆசிரியரின் படத்தையும் மாணவரின் ஒலிப்பதிவையும் இணைத்து நோக்கும்போதே அம்மரபு ஓரளவேனும் புலப்படும்.

முடிவுரை

பழைய கலைஞர்களின் படங்கள் பல இன்றும் குடும்பங்களின் சுவர்களில் தொங்குகின்றன. உடனமர்ந்த பக்கவாத்தியக்காரர் யாவர், படம் எந்த ஆண்டினது என்பன முதியோர் நினைவில் மட்டுமே நிற்பதுண்டு. அவர்கள் மறைந்தபின் அப்படம் பெயரற்ற முகமாகிவிடும். 'இந்திய மக்கள்' காட்டிய மாதிரி நிலைக்கே அக்கலைஞர் மீள்வார். திருமலைப் படிமங்களைப் பொறிப்பு இன்றளவும் அடையாளம் காட்டுகிறது. படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு, கருவி ஆகியவற்றை எழுதிவைப்பதே அதற்கு ஒப்பான பணியாகும்.