மக்கிய கட்டையில் யார் யார்?

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம்ஸ் மலைக்காடுகளில் 'சல்ஃபர் டஃப்ட்' காளானை யாரும் தேட வேண்டியதில்லை. பட்டுப்போன மரங்களில் கந்தக மஞ்சளாகக் கொத்துக் கொத்தாக நிற்கும். ஐரோப்பாவில் அது இல்லாத காட்டைக் காட்டுவதுதான் கடினம். வாயில் வைத்தால் கசப்பு. தின்றால் வாந்தி, பேதி.

அதே காட்டில், பட்டை உரிந்து ஈரத்தில் ஊறிய ஊசியிலை மரக்கட்டையில் பக்ஸ்பாமியா விரிடிஸ் என்ற பாசி இருக்கலாம். மண்டியிட்டு, லென்ஸும் கையுமாகப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். பாசி என்றதும் மனதில் விரியும் பச்சைக் கம்பளமெல்லாம் இதற்குக் கிடையாது. மரத்தோடு ஒட்டிய நுண்ணிழைகள்தான் உடம்பு. இலையுதிர் காலத்தில் சிறு காம்பின் நுனியில் அரிசி மணியளவுப் பச்சை வித்துறை ஒன்று எழும்போதுதான் ஆள் அகப்படும். அதையும் ஓடில்லா நத்தைகள் மேய்ந்துவிடுவது உண்டு.

இரண்டுமே வித்துத் தூவிப் பரவுபவைதான். ஆனால் காளானுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அதன் இழைகள் கயிறாகத் திரண்டு, தின்றுகொண்டிருக்கும் கட்டையிலிருந்து வெளியேறி, மண் வழியே அடுத்த கட்டையைத் தேடிப் போகும். சத்தையும் அங்கே கடத்தும். வெட்டிய அடிமரம் கிடைத்தாலும் போதும். மரம் வெட்டும் காட்டில் அதற்கு விருந்துதான்.

பாசியால் அப்படி நகர முடியாது. ஓர் உறையில் லட்சக்கணக்கான வித்துகள் இருந்தாலும், அவை விழும் இடத்தில் சரியான பதத்தில் மக்கிய கட்டை கிடக்க வேண்டும். புதுக்கட்டை உதவாது, மண்ணோடு மண்ணானதும் உதவாது. இத்தனைக்கும் மரத்தை அந்தப் பதத்துக்குக் கொண்டுவருவது காளான் கூட்டம்தான்.

பிரிட்டனின் 1981 வனவுயிர்ச் சட்டப் பட்டியலில் இந்தப் பாசி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 வாழிட ஆணையிலும் இருக்கிறது. பறிக்கக்கூடாது, சரி. பறிக்க யார் வரப்போகிறார்கள்? விழுந்த மரங்களை அகற்றிக் காட்டைச் 'சுத்தமாக' வைத்துக்கொள்ளும் ஆசைதான் இதற்கு எமன்.

ஸ்காட்லாந்தில் நெடுங்காலம் விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இது இருப்பதாகக் கணக்கு. குனிந்து தேடும் ஆட்கள் கூடியதும் இடங்களும் கூடின. அதற்காகக் கவலையை விட்டுவிட முடியாது. இன்று விழும் மரம் பதமாக ஆண்டுக்கணக்கில் ஆகும். இடையில் சில வருடம் விழுந்த மரங்களை எல்லாம் அள்ளிவிட்டால், பழைய கட்டை மண்ணாகும்போது பாசிக்குப் போக்கிடம் இருக்காது.