ஆயாக்கொட்டகை முதல் பாலர் பள்ளி வரை

மலாக்கா மாநிலத் தமிழ்க் குடும்பங்களில் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் பகற்பொழுதை எங்கே, யாருடன் கழிக்கிறார்கள் என்ற கேள்விக்கான விடை கடந்த இரண்டு மூன்று தலைமுறைகளில் வெகுவாக மாறிவிட்டது. தான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டு, பின்னர் புக்கிட் அசஹானில் அதைப் பெருமளவில் விரிவாக்கியதைத் தொடர்ந்து உருவான தோட்ட வாழ்க்கையில், தாயும் தகப்பனும் விடியுமுன் பெரட்டில், அதாவது காலைப் பெயர்ப் பதிவில், பேர் கொடுத்துவிட்டுப் பால்மரக் காட்டுக்குள் இறங்க, பிள்ளைகள் லயத்துக்கு அருகிலிருந்த ஆயாக்கொட்டகையில் விடப்பட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் ஆயர் குரோ, புக்கிட் கட்டில், செங் போன்ற இடங்களின் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்த பிறகு, அந்தக் கொட்டகையின் இடத்தைக் கட்டணம் வாங்கும் பாலர் நிலையங்கள் பிடித்துக்கொண்டன.

ஆயாக்கொட்டகையை இன்று ஏக்கத்தோடு நினைவுகூர்வோர் உண்டு. ஆனால் அதன் நோக்கம் தாயின் கைகளை வேலைக்கு விடுவிப்பதாகவே இருந்தது என்பதையும், ஏணையை ஆட்டுவதும் பால் கலக்குவதும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுமே ஆயாவின் கடமைகளாகக் கருதப்பட்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் குழந்தைக் காப்பகத்தை வீடு, தண்ணீர், சுகாதாரம் ஆகியவற்றின் வரிசையில்தான் வைத்தது. எனினும், மூத்த பிள்ளை இளையதைத் தூக்கிக்கொண்டு திரிவதும், ஆயா பாட்டும் கதையுமாகத் தமிழில் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதும் திட்டமிடாமலே கிடைத்த நன்மைகளாகும்; இவை இரண்டும் இன்றைய பளபளப்பான நிலையங்கள் பலவற்றில் இல்லை.

இன்றைய ஏற்பாட்டில் இரண்டு பெயர்கள் பெற்றோர் காதில் அடிக்கடி விழுகின்றன. நான்கு வயதுக்குட்பட்டோருக்கான பராமரிப்பு நிலையம் தஸ்கா எனப்படுகிறது. அது 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சமூக நலத்துறையில் பதிவு பெற வேண்டும். நான்கு முதல் ஆறு வயதுவரை உள்ளோருக்கானது தடிக்கா, அதாவது பாலர் பள்ளி. அது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்கு உட்பட்டது. இவற்றோடு, மாநிலத்திலுள்ள 21 தமிழ்ப்பள்ளிகளில் சிலவற்றின் வளாகங்களிலேயே கல்வி அமைச்சின் பாலர் வகுப்புகளும் நடைபெறுகின்றன. அங்கே ஒரு வகுப்புக்கு 25 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஆசிரியருடன் உதவியாளர் ஒருவரும் இருப்பார். தஸ்காவில் ஒரு வயதுக்குட்பட்ட மூவருக்குப் பராமரிப்பாளர் ஒருவர், மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர், அதற்கு மேல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர் என்ற விகிதம் விதிக்கப்பட்டுள்ளது.

இந்த எண்ணிக்கைகள் வெறும் நிர்வாகக் கணக்குகள் அல்ல. ஒரு பிள்ளை நாளொன்றில் எத்தனை முறை பெரியவரோடு நின்று பேச முடியும் என்பதை அவையே முடிவு செய்கின்றன. இங்கிலாந்தில் 1997-இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, சிறந்த நிலையங்களை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரியவரும் பிள்ளையும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சேர்ந்து யோசித்துக்கொண்டு போகும் நீண்ட உரையாடல் என்று கண்டது. சுவர்ச் சித்திரங்களும் குளிர்சாதனமும் பட்டமளிப்பு விழாவின் குட்டி அங்கியும் பெற்றோரை ஈர்க்கின்றனவே தவிர, பிள்ளையின் வளர்ச்சிக்கு அவற்றால் ஆவது சொற்பம்.

அத்தகைய உரையாடலுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. மலாய்க்காரர் வீட்டில் சோங்காக் எனவும் தமிழர் வீட்டில் பல்லாங்குழி எனவும் அறியப்படும் பலகையின் முன் ஐந்து வயதுப் பிள்ளை அமர்ந்து, கை நிறைய ரப்பர் கொட்டைகளை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது, எண்களைச் சொல்லத் தெரியாவிட்டாலும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தும் அடிப்படைக் கணிதத்தை அது கையால் செய்துவிடுகிறது. கடைசிக் குழிக்கு வரும்முன் கொட்டை தீர்ந்துபோனால், அருகிலிருக்கும் ஆசிரியை விடையைச் சொல்லிக் கொடுக்காமல், “இன்னும் எத்தன கொட்ட வேணும்னு நெனைக்கிற?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால், அந்தக் காத்திருப்பில்தான் கற்பித்தல் நிகழ்கிறது. (பச்சை ரப்பர் கொட்டையில் நச்சுண்டு என்பதாலும் சிறு பொருள்கள் தொண்டையில் சிக்கும் என்பதாலும் மூன்று வயதுக்குட்பட்டோர் கையில் இவற்றைத் தரலாகாது, மூத்த பிள்ளைகள் ஆடும்போதும் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.)

இதற்கு நேர் மாறான காட்சி, நான்கு வயதுப் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து பயிற்றுத்தாளில் புள்ளிகளை இணைத்து எழுத்தெழுதுவதும், மாலையில் வீட்டுப்பாடத்தோடு திரும்புவதுமாகும். தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் விளையாட்டின் வழிக் கற்றலை வலியுறுத்தினாலும், முதலாம் ஆண்டில் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பெற்றோரின் அச்சம் நிலைய நடத்துநர்களை எழுத்து வேலையின் பக்கமே தள்ளுகிறது. அச்சம் புரிந்துகொள்ளத் தக்கதுதான், மருந்துதான் தவறானது. களிமண் பிசைந்தும் மரமேறியும் மணல் அள்ளியும் வலுப்பெறாத விரல்களில் பென்சிலைத் திணிப்பதால் கையெழுத்தும் வருவதில்லை, படிப்பில் விருப்பமும் வருவதில்லை.

மொழியைப் பொறுத்தவரை, தொடக்கக் கல்விக்கு வீட்டுமொழியே தக்கது என்று யுனெஸ்கோ 1953-இலேயே அறிவுறுத்தியது. மலாக்காவில் வீட்டுமொழி எதுவென்பது எப்போதும் வெளிப்படையாகத் தெரிவதில்லை. காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் கோயில் வழிபாட்டில் தமிழ்நாட்டு மரபைப் பேணினாலும் வீட்டில் மலாய்தான் பேசுகிறார்கள், நகரத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் ஆங்கிலம் குடிபுகுந்துவிட்டது. ஆகவே நல்ல நிலையம், பிள்ளை எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழியில் ஆறுதல் சொல்லக்கூடிய ஒருவரையாவது வைத்திருக்கும்.

நிலையத்துக்கும் வீட்டுக்கும் உள்ள இணைப்பு மொழியோடு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் இப்சிலாண்டி நகரில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளித் திட்டத்தில், வறிய குடும்பப் பிள்ளைகள் நாள்தோறும் வகுப்புக்கு வந்ததோடு, ஆசிரியர்கள் வாரந்தோறும் அவர்களின் வீடுகளுக்கும் சென்றார்கள். அப்பிள்ளைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, வகுப்பு கிடைக்காதவர்களைவிட அதிகம் படித்திருந்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகவே கைதாகியிருந்தார்கள். வீடு தேடிப் போகும் ஆசிரியை கிடைப்பதற்கு அவர் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நிலைத்திருக்க வேண்டும். குறைந்த சம்பளத்துக்கு வருபவர் சில மாதங்களில் வேறு வேலைக்குப் போய்விட, பிள்ளை ஒவ்வொரு முறையும் புதிய முகத்துக்குப் பழக வேண்டியிருப்பது இத்துறையின் பெரிய குறை.

தோட்டங்களில் எஞ்சியிருக்கும் குடும்பங்களின் சிக்கல் வேறு வகையானது. ஏழெட்டுப் பிள்ளைகளே உள்ள இடத்தில் வயதுவாரியாக வகுப்பு பிரிக்க இயலாது. ஆனால் மூன்று முதல் ஆறு வயது வரை ஒரே கூடத்தில் வைத்திருப்பதை மாண்டிசோரி அம்மையார் வேண்டுமென்றே கைக்கொண்டார் என்பதையும், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர் இந்தியாவில் இம்முறையில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார் என்பதையும் எண்ணிப் பார்த்தால், சிறு எண்ணிக்கையைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. இடையூறு சட்டத்தின் அமைப்பில் இருக்கிறது: நான்கு வயதுக்குட்பட்டோர் நால்வர் சேர்ந்தாலே அது தஸ்கா ஆகிவிடுகிறது, பாலர் பள்ளி என்று கல்விச் சட்டம் ஏற்கவோ குறைந்தது பத்து மாணவர் தேவை, அக்காளும் தம்பியும் ஒன்றாக விளையாடும் தோட்டத்துச் சிறு குழு இரண்டு துறைகளின் மேசைகளுக்கு நடுவே நிற்கிறது.