கடைவீட்டில் ஓர் இரவு உணவு

மாலை வேளையில் லிட்டில் இந்தியாவிலோ தஞ்சோங் பகாரிலோ நடந்து சென்றால், வரிசையாக ஒட்டி நிற்கும் பழைய கடைவீடுகளைக் காணலாம். அவற்றுள் பல இன்று நவீன உணவகங்களாக மாறிவிட்டன. வாசலில் மெல்லிய விளக்கொளி, கதவருகே உணவுப்பட்டியல். உள்ளே சென்று அமர்ந்தபின், உணவு வரும்வரை கைப்பேசியைப் பார்க்காமல் சுற்றிலும் பாருங்கள்.

முதலில் கண்ணில் படுவது கூடத்தின் குறுகிய அகலம். மாடியைத் தாங்கும் மர உத்தரங்கள் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர்வரை செல்கின்றன. உத்தரத்தின் நீளத்தைவிட வீட்டை அகலமாகக் கட்ட முடியாது. ஆகவே, பெரும்பாலான கடைவீடுகள் முன்புறம் குறுகியும் பின்னோக்கி நீண்டும் இருக்கின்றன. பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டிற்கும் பொதுவானவை. அவற்றில் சன்னல் வைக்க வழியில்லை. அப்படியானால் நடுப்பகுதிக்கு வெளிச்சம் எப்படி வரும்? அதற்காகவே கூரையின் இடையில் திறந்தவெளி விட்டார்கள். காற்றும் வெயிலும் மழையும் அதன் வழியே உள்ளே இறங்கின. இன்று சில உணவகங்கள் அதற்குக் கண்ணாடிக் கூரை போட்டு, அதன் கீழே மேசைகளை அமைத்துள்ளன. என்னைக் கேட்டால், அங்கேதான் உட்கார வேண்டும்!

வாசலுக்கு வெளியே உள்ளது ஐந்தடி நடைபாதை. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், வீடுகளின் முன்னே கூரையுடன் கூடிய தொடர்ச்சியான நடைபாதை இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க அது இன்றும் உதவுகிறது.

இவ்வீடுகள் எப்போதும் இப்படி அழகாக இருந்ததில்லை. கீழே வியாபாரம் நடக்க, மேலே பலகைத் தடுப்புகளுக்குள் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தவர்களைக் காத்தது. ஆனால், சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர்கள் பழுதுபார்க்க முன்வரவில்லை. கூரைகள் ஒழுகின. பல வரிசைகள் இடிக்கப்பட்டன.

1989இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலிய வட்டாரங்கள் பாதுகாக்கப்படும் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அதன்பிறகு உரிமையாளர் விரும்பியபடி இடிக்க இயலாது. முகப்பு, பொதுச்சுவர், மரச்சன்னல், ஓட்டுக்கூரை ஆகியவற்றை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளின்படியே புதுப்பிக்க வேண்டும்.

இத்தகைய வேலைக்குப் பணம் அதிகம் தேவை. செலவு ஏறினால் வாடகையும் ஏறும். அந்த வாடகையை உணவகத்தால் கட்ட முடிகிறது. மிளகாய் அரைத்துக் கொடுத்தவராலும் முடிதிருத்துநராலும் எளிதில் கட்ட முடியாது. நாம் உண்ணும் ஒரு தட்டு உணவின் விலையில் கூரையைப் பழுதுபார்த்த செலவும் கலந்திருக்கிறது. உணவகம் வராமல் இருந்திருந்தால் சில வீடுகள் பூட்டியே கிடந்திருக்கும். வந்ததால் பழைய தொழில்கள் சில இடம் பெயர்ந்தன. இரண்டுமே உண்மைதான்.

உண்டு முடித்து வெளியே வரும்போது ஒரு கணம் நில்லுங்கள். லிட்டில் இந்தியாவாக இருந்தால், சற்றுத் தள்ளி ஒருவர் மல்லிகை தொடுத்துக்கொண்டிருப்பார். அவருடைய கடையும் ஒரு கடைவீட்டின் முன்புறத்தில்தான் இருக்கிறது.