மருந்துச் சீட்டில் எழுதிய நாட்கள்

டில்லி கோல் மார்க்கெட்டின் வட்டச் சந்தை 1921ஆம் ஆண்டில் எழுந்தது. அதைச் சூழ்ந்த அரசாங்கக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்திருக்கின்றனர். அங்கே குடியிருந்த என் அலுவலக நண்பர் ஒருவர், தஞ்சைப் பக்கத்தவர், ஒரு குளிர்காலத்தில் வாரக்கணக்கில் இருமிக் கொண்டிருந்தார். "டாக்டரிடம் போய் வரிசையில் நிற்க நேரமேது, ஸார்? கடைக்காரரே நல்ல மாத்திரை கொடுத்தார், நான்கு நாளில் குணம்" என்றார். இருமல் திரும்பியது, மாத்திரையும் திரும்பியது. மூன்றாம் முறைக்குப் பிறகே சளியைச் சோதித்தார்கள். காசநோய் என்று தெரிந்தது. இடையில் கழிந்த மாதங்களில் அவருடைய சிறு பெண் அதே அறையில் உறங்கி வந்தாள்.

அவருக்குக் கிடைத்த மாத்திரை போலி மருந்தன்று. அது வேலை செய்யவே செய்தது. சில கிருமிக்கொல்லி மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அடங்கிய நோய் சில நாள் வெளியே தெரியாது, கண்டுபிடிப்பதும் தாமதமாகும். டாக்டரின் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது என்று விதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தையொட்டி 1945இல் வகுக்கப்பட்ட விதிகளில் எச் என்னும் அட்டவணை உண்டு. அதிலுள்ள மருந்துகளுக்குச் சீட்டு வேண்டும். 2014 முதல் எச்-1 என்னும் மற்றோர் அட்டவணையும் நடைமுறையில் உள்ளது. காசநோய் மருந்துகளும் வீரியமிக்க கிருமிக்கொல்லிகள் பலவும் அதில் அடங்கும். அவற்றை விற்கும் கடைக்காரர் நோயாளியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் காத்து வைக்க வேண்டும். அட்டையின் ஓரத்தில் செங்குத்தான சிவப்புக் கோடு கண்டால் அது சீட்டுக்குரிய மருந்து என்று அறியலாம்; எழுத்துத் தெரியாதவரும் கோட்டை அறிவார்.

மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது? எல்லா மருந்தும் ஒரே வகையில் நோயைத் தீர்ப்பதில்லை. சில, உடலில் குறைந்துபோனதை ஈடு செய்கின்றன. இன்சுலினும் தைராய்டு மாத்திரையும் அத்தகையவை. சில, நோயைத் தீர்ப்பதில்லை, கட்டுக்குள் நிறுத்துகின்றன. இரத்த அழுத்த மாத்திரை அப்படி. "அழுத்தம் சரியாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று அதை நிறுத்துவது, அணை உடையாததால் கதவைக் கழற்றுவதைப் போன்றது. மூன்றாம் வகை, நோய்க்குக் காரணமான கிருமியையே தாக்குவது. நாட்கணக்கு மிகமிக முக்கியமாவது இங்கேதான்.

காசநோய்க் கிருமியைச் சுற்றி மெழுகு போன்ற தடித்த சுவர் ஒன்றுண்டு. ஐசோனியாசிட் அந்தச் சுவர் கட்டப்படாமல் தடுக்கிறது. ரிஃபாம்பிசின், கிருமி தன் மரபுக் கட்டளைகளைப் படியெடுக்கும் வேலையை நிறுத்துகிறது. இரண்டும் வெவ்வேறு வாசலில் காவல் நிற்கின்றன. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஏதோ சில, ஒரு மருந்துக்கு இயல்பாகவே தப்பும் தன்மையுடன் பிறந்திருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை அழிய, தப்பியவை பெருகும். 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையிலேயே இது கண்கூடாயிற்று: தேறிய நோயாளிகள் பலர் பின்னர்ச் சரிந்தனர். ஆகவேதான் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எஞ்சிய கிருமிகள் சில, பெருகாமல் உறங்கிக் கிடப்பவை. பெருகும் கிருமியை எளிதில் கொல்லும் மருந்து உறங்குவதை மெல்லத்தான் கொல்லும். இருமல் சில வாரங்களில் நின்றாலும் மருந்து ஆறு மாதம் தொடர்வது இந்த உறங்குபவற்றுக்காகத்தான்.

இதை உலகுக்கு உணர்த்தியதில் நம் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. 1956இல் அங்கே காசநோய் மருத்துவச் சோதனை நிலையம் தொடங்கப்பட்டது. அது இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு சாராருக்கு சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும். மற்றவருக்கு நெருக்கடியான தம் வீடுகளிலேயே சிகிச்சை. மருந்து இருவருக்கும் ஒன்றே, ஓராண்டுக் காலம். வீட்டிலிருந்தவர்கள் குறைவாக உண்டார்கள், கூடுதலாக உழைத்தார்கள். ஆயினும் முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினர். வீட்டாருக்கு நோய் தொற்றியதும் கூடுதலாக இல்லை. 1959இல் இது வெளியானபின் உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடலாயின. காற்றும் பாலும் முட்டையும் அன்று, மருந்து இடைவிடாமல் உட்சென்றதே காரணம். மருந்தை உண்மையாக உட்கொண்டார்களா என்பதை அறிய, சொல்லாமல் வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். மனிதரின் மறதியை அந்த விஞ்ஞானிகள் நன்கறிந்தவர்கள் போலும்!

ஒருமுறை அரசாங்கச் சுகாதாரக் குறிப்பொன்றைத் தமிழாக்கும்போது 'கோர்ஸ்' என்னும் சொல்லுக்கு வெகுநேரம் திண்டாடினேன். 'தவணை' என்றால் கடன் நினைவு வருகிறது. பிறகுதான் நாட்டு வைத்தியர் 'ஒரு மண்டலம் சாப்பிடு' என்பது நினைவுக்கு வந்தது. நாற்பத்தெட்டு நாள் என்று கணக்கிட்டுக் கொடுத்த நம் பாட்டிகள், மாத்திரையை மூன்றாம் நாளில் நிறுத்தும் பேரப்பிள்ளைகளைக் கண்டிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

நாளைக்கு எத்தனை வேளை என்பதும் வெறும் வழக்கமன்று. கோடையில் மண்பானையின் நீர் கசிந்து குறைவது போல, மருந்தின் அளவும் கல்லீரலாலும் சிறுநீரகத்தாலும் குறைந்துகொண்டே வருகிறது. சீக்கிரம் குறையும் அமாக்ஸிசிலினை எட்டு மணிக்கொரு முறை ஊற்றி நிரப்ப வேண்டியிருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மெல்லக் கசிவதால் நாளைக்கு ஒன்றே போதும். மறந்த வேளைக்காக இரண்டாகச் சேர்த்து விழுங்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டே தெளிய வேண்டும். மருந்துக்கு மருந்து விடை மாறும்.

பக்கவிளைவுக்கு அஞ்சி நிறுத்துவோரும் உண்டு. ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். இரத்தமென்று பயந்தவர்களை நான் அறிவேன். அது தீங்கற்றது. ஆனால் கண் மஞ்சளாவதும், பார்வை மங்குவதும், விரல்களில் மதமதப்பும் அப்படியல்ல; உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் ஆபத்து, ஏனெனில் உடலின் சொந்தச் சுரப்பி அதற்குள் வேலையை மறந்திருக்கும்.

வெளிமாநிலத் தமிழருக்குத் தனித்த சிக்கல் ஒன்று. 1954இல் டில்லியில் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் மருந்தகத்தில் வாங்கிய மாத்திரைக்கும், கும்பகோணத்துக் கடையில் உள்ளதற்கும் வியாபாரப் பெயர் வேறாக இருக்கலாம். உள்ளே உள்ள மருந்து ஒன்றே. ஆகவே கம்பெனிப் பெயரையன்றி மருந்தின் சொந்தப் பெயரைச் சீட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது போய்த் திரும்பும் நாட்களுக்கு மேல் ஒரு வாரத்து மாத்திரையும் சீட்டும், அடியில் தள்ளிய பெட்டியில் அல்ல, கையோடுள்ள பையில் இருக்கட்டும். நாகபுரி வெயிலைக் கடக்கும் ரயிலில் இன்சுலின் வைத்திருப்போர் குளிர்ச்சி காக்கும் குடுவையில் எடுத்துச் செல்லலாம். ஆனால் பனிக்கட்டி நேரே படக்கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.